38 முள்ளுமுருங்கையில் 3 மட்டும் பச்சையாக நிற்கிறது: போத்து எடுத்து நடலாமா?

மிளகுப்பாடி எழுதியது:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. கொடி ஏறுவதற்குத் தாத்தா ஊன்றியது அத்தனையும் முள்ளுமுருங்கை. கீழே சமவெளியில் கல்யாண முருங்கை என்பார்கள், அதுவேதான். அப்பா கணக்குப்படி இருநூறு மரத்துக்கு மேல் இருந்தது.

2006, 2007 வாக்கில் கொழுந்தெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வீங்கிச் சுருள ஆரம்பித்ததாம். இலைக்காம்பு விரல் மொத்தத்துக்குத் தடித்து, தொட்டால் ஒடிந்து விழும். மூன்று நான்கு வருடத்தில் பாதி மரம் மொட்டையாகி, அடி இற்று, கொடியோடு சாய்ந்துவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சாய்ந்த கொடியிலிருந்து பச்சை மிளகை உருவிச் சாக்கில் போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. செத்த இடத்தில் அப்பா சில்வர் ஓக் வைத்தார்.

இப்போது மிச்சம் 38 முள்ளுமுருங்கை. அதில் 35 மரம் ஒவ்வொரு மழைக்கும் துளிர்ப்பதும் உடனே முடிச்சு விழுந்து சுருங்குவதுமாகவே கிடக்கிறது. மூன்று மரம் மட்டும் இலை விரிந்து சுத்தமாக நிற்கிறது. ஒன்று தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, இரண்டாவது ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால், மூன்றாவது கீழ் எல்லையில் ஓடைக்கரையில். இரண்டு மழைக்காலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், அப்படியேதான் இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன்.

இந்த மூன்றிலும் போத்து, அதாவது ஊன்றுகிற கிளைக்கட்டை, வெட்டி நட்டால் அந்தக் குணம் வருமா? வரும் என்றால் நூறு போத்தாவது இந்த வருடமே ஊன்றிவிடலாம் என்று இருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மலைக்காற்று எழுதியது:

எதற்கு இந்த வம்பு? மொத்தத்தையும் எடுத்துவிட்டு சில்வர் ஓக் வையுங்கள். நேராகப் போகும், பூச்சி இல்லை, இருபது வருடம் கழித்து மரமும் காசாகும். முள்ளுமுருங்கையைக் காப்பாற்றியே தீருவேன் என்றால் வேரில் மருந்து ஊற்றுங்கள்.

---

மிளகுப்பாடி எழுதியது:

அண்ணே, சில்வர் ஓக் ஏற்கெனவே நூறுக்கு மேல் நிற்கிறது. ஆனால் ஆடு அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முள்ளுமுருங்கையைக் கிளை கழித்துக் கவாத்து பண்ணிப் போட்டால் பத்து நாளில் மக்கி மண்ணாகிறது, சில்வர் ஓக் சருகு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மருந்து ஊற்றலாம்தான், ஆனால் அந்த இலையில்தான் அம்மா அடை சுடுகிறார், மிச்சம் ஆட்டுக்குப் போகிறது.

---

பழைய நாற்றங்கால் எழுதியது:

தம்பி, படம் பார்த்தேன். அரிவாளைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடுவோம். உங்கள் 35 மரத்தில் இருப்பது முள்ளுமுருங்கை முடிச்சுக்குளவி. பெட்டைக் குளவியே ஒன்றரை மில்லிமீட்டர்தான், கண்ணில் பட்டால் கொசு என்று தட்டிவிடுவோம். இளந்துளிரின் சதைக்குள் முட்டை வைக்கும். உள்ளே புழு வளர வளர, அதைச் சுற்றிச் செடியே வீங்கி அதற்கு வீடு கட்டிக் கொடுக்கும். முட்டையிலிருந்து குளவியாகி ஓட்டை போட்டு வெளியே வர ஏறக்குறைய 20 நாள். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியதாகத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். 2003-இல் தைவானில் பிடிபட்டது. 2004-இல்தான் அதற்கு விஞ்ஞானப் பெயரே வைத்தார்கள். அடுத்த வருடமே கேரளத்துக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் வந்துவிட்டது. உங்கள் அப்பா சொல்லும் வருடம் அதோடு பொருந்துகிறது.

இலை வலை பின்னிச் சுருண்டு, பிரித்தால் பச்சைப் புழு நெளிந்தால் அது வேறு, சாதாரணச் சுருட்டுப்புழு. அதையும் இதையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். போத்தில் குணம் வருமா என்றால், வரும். போத்து என்பது பிள்ளை இல்லை, அதே மரத்தின் இன்னொரு கை. தாயிடம் உள்ளதெல்லாம் அதிலும் இருக்கும். ஆனால் தாயிடம் அந்தக் குணம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுத்தமாக நிற்கிற மரம் எல்லாம் எதிர்ப்பு உள்ள மரம் இல்லை. தப்பித்த மரமாகவும் இருக்கலாம்.

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். நாற்றங்காலில் முப்பது வருடம் வேலை பார்த்தவன், அந்தத் தலைக்கனம் வேறு. ஒரு மாரியம்மன் கோயில் வாசலில் பெரிய முள்ளுமுருங்கை, ஊரே முடிச்சு விழுந்து கிடக்கும்போது அது மட்டும் தளதளவென்று. பூசாரியிடம் கேட்டு அறுபது போத்து வெட்டி ஐந்து தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தேன். 'எதிர்ப்பு ரகம்' என்று நானே பெயரும் வைத்துவிட்டேன். அடுத்த வருடம் அறுபதிலும் முடிச்சு. ஒருவர் வீட்டுக்கே வந்து ஒரு கிளையை ஒடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் வேறு தெரு வழியாகத்தான் போவேன்.

பிறகு யோசித்ததில்தான் காரணம் பிடிபட்டது. கோயில் மரத்தை யாரும் வெட்டுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, பூத்து ஓய்ந்த பிறகு, மொத்தமாகத் துளிர்த்து இலை முற்றிவிடும். முற்றிய இலையில் குளவிக்கு வேலை இல்லை. அதே மரத்தைப் போத்தாக்கிக் கொடி ஏற்றி, வருடம் இரண்டு மூன்று தடவை கவாத்து பண்ணினால், எந்நேரமும் இளந்துளிர்தான். குளவிக்குக் கல்யாண வீடு.

ஆகவே மூன்று மரத்தைப் பற்றியும் எனக்குச் சில விவரம் வேண்டும்.

ஆட்டுக்கொட்டகை மரத்தில் தினமும் தழை ஒடிக்கிறீர்களா? ஒடித்தால் முடிச்சு திரளும் முன்பே ஆட்டின் வயிற்றுக்குப் போய்விடும், உங்கள் கண்ணில் படாது. தொட்டி மரத்துக்கு நீர் கசிகிறதா? மற்ற மரம் மொட்டையாக நிற்கும் மாசியில் அது துளிர்த்துவிடுகிறதா? மூன்றுக்கும் பூ, நெற்று எல்லாம் மற்ற 35 போலவே இருக்கின்றனவா? மலையில் முள்ளுமுருங்கை என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று இனம் உலாவுகிறது.

பதில் வரட்டும், மேலே சொல்கிறேன்.

---

மிளகுப்பாடி எழுதியது:

ஐயா, ஆட்டுக்கொட்டகை மரத்தைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். அம்மா தினமும் காலையில் அதில்தான் ஒரு கட்டுத் தழை ஒடிப்பார். இன்று ஏணி போட்டு, அம்மாவுக்கு எட்டாத உச்சிக் கிளையைப் பார்த்தேன். முடிச்சு இருக்கிறது. இரண்டு வருடமாக நான் ஆட்டுக்கு எட்டும் உயரத்தைப் பார்த்துத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

தொட்டியில் கசிவு உண்டு, அடியில் எப்போதும் ஈரம். துளிர்க்கும் காலத்தைக் கவனித்ததில்லை. ஓடைக்கரை மரத்தில் ஏணி வைத்துப் பார்த்ததில், உச்சியில் நாலைந்து இலையில் மிளகு அளவில் முடிச்சு இருந்தது, அவ்வளவுதான். பக்கத்து மரம் பதினைந்து அடி தூரம்கூட இருக்காது, அது முழுக்கச் சுருண்டு கிடக்கிறது. பூவும் நெற்றும் ஒரே மாதிரிதான்.

---

பழைய நாற்றங்கால் எழுதியது:

நல்லது. ஒன்று கழிந்தது. மிச்சம் இரண்டையும் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நூறு போத்து வேண்டாம். ஓடைக்கரை மரத்தில் ஆறு, தொட்டி மரத்தில் ஆறு. கூடவே, நன்றாக முடிச்சு விழும் இரண்டு மரத்திலிருந்தும் ஆறு ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட மரத்தில் எதற்குப் போத்து என்று கேட்பீர்கள். அது பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த வருடம் குளவி வந்ததா என்றே தெரியாது. குளவி வராத வருடத்தில் எல்லா மரமும் எதிர்ப்பு மரம்தான்.

மாசிக் கடைசியில், இலை உதிர்ந்து நிற்கும்போது வெட்டுங்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பிடி மேலே, கை மணிக்கட்டு மொத்தம், பட்டை சாம்பல் ஓடிய முற்றிய கிளை. அடியைச் சாய்வாகச் சீவி, நுனிக்குச் சாணி அப்பி, நிழலில் நட்டக்குத்தலாகச் சாத்தி வையுங்கள். கணுவில் மொட்டு தெறிக்கத் தொடங்கி, முதல் நல்ல மழையும் விழுந்த பிறகு ஊன்றினால் போதும். வெட்டிய அன்றே குழியில் வைத்தால் அழுகும். பச்சைத் துளிர், இலை எதையும் போத்தோடு விடாதீர்கள். குளவிப் புழு இருப்பதெல்லாம் பச்சைச் சதையில்தான். மொட்டைக் கட்டையாகக் கொண்டுபோனால் பூச்சியைச் சேர்த்துச் சுமக்கும் ஆபத்து குறைவு.

நடும்போது ஒவ்வொரு தாய்க்கும் ஒரு நிறத்தில் துணி கட்டி, சீட்டுக் குலுக்குவது போலக் கலந்து ஊன்றுங்கள். ஒரு தாயின் ஆறையும் ஒரே மூலையில் நட்டால், அந்த மூலைக்குக் காற்று எப்படி, நிழல் எப்படி என்பதைத்தான் சோதித்தவர் ஆவீர்கள். இடம், தோட்டத்தில் முடிச்சு மிக அதிகமாக விழும் மரத்துக்குப் பக்கமாக இருக்கட்டும். பரீட்சை என்றால் கஷ்டமாக வைக்க வேண்டும். மருந்து கிட்டவே வரக்கூடாது.

முதல் துளிரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது கட்டைக்குள் இருந்த பழைய சத்தில் வருவது. வேர் பிடித்து, அடுத்த வருடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கவாத்து பண்ணுங்கள். அப்போதுதான் எல்லாம் ஒன்றாகத் துளிர்க்கும், காலம் தப்பிய மரம் என்ற சாக்குக்கு இடமிருக்காது. துளிர் தெரிந்து மூன்று நாலு வாரம் கழித்து எண்ணுங்கள். போத்துக்கு ஐந்து துளிர் எடுத்தால் போதும்.

ஒரு விஷயம். முடிச்சை மட்டும் எண்ணாதீர்கள், ஓட்டையை எண்ணுங்கள். முடிச்சின் மேல் குண்டூசி குத்தியது போல வட்டத் துளை இருந்தால் குளவி பிழைத்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். முடிச்சு இருந்து துளை இல்லாமல் அப்படியே காய்ந்தால், பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் புழு இருக்கிறதா, கருகிக் கிடக்கிறதா, இல்லை வெறும் அறையா என்று குறித்துக்கொள்ளுங்கள். குளவி வந்து முட்டை வைத்தும் புழு வளரவில்லை என்றால் அதுதான் நீங்கள் தேடுகிற சரக்கு.

---

மேப்பிள் தெரு எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ பக்கம் இருக்கிறேன். ஐயா சொன்ன 'தப்பித்த மரமா, தாங்கும் மரமா' என்ற இதே கேள்வியோடுதான் இங்கே இருபது வருடமாக ஆஷ் என்ற இந்த ஊர் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே வில்லன் மரகதப் பச்சையில் மின்னும் ஒரு வண்டு. ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டிக் கட்டைகளில் வந்திருக்கும் என்கிறார்கள். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்தார்கள், அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது. புழு பட்டைக்கு அடியில் பாம்பு போல வளைந்து வளைந்து தின்னும், மரத்துக்குச் சாப்பாடு போகும் வழியே அறுந்துவிடும். நான் குடிவந்த தெருவில் இரண்டு பக்கமும் ஆஷ் மரம் இருந்ததாம். நான் பார்த்தது அடிக்கட்டைகளைத்தான். என் வீட்டு வாசலில் இருந்த கட்டையின் மேல் என் பையன் ஏறி நின்றுதான் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருப்பான்.

ஏறக்குறைய எல்லாமே செத்த காட்டில் அங்கங்கே ஒன்று பச்சையாக நிற்பதைக் கவனித்தார்கள். டொலிடோ சுற்றுவட்டாரத்தில் அப்படி நின்றது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 'தங்கிய ஆஷ்' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. கண்டதையெல்லாம் சேர்ப்பதில்லை. சுற்றி இருப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் செத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் இரண்டு வருடமாவது இது திடமாக நின்றிருக்க வேண்டும். கன்றுகளும் கணக்கில் வராது. வண்டு வரும்போதே ஓரளவு பெருத்திருந்த மரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒல்லி மரத்தை வண்டு அவ்வளவாகச் சீண்டாது.

ஆஷ் உங்கள் முள்ளுமுருங்கை மாதிரி நட்டால் துளிர்க்கிற சாதி இல்லை. குளிர்காலத்தில் உச்சிக் கிளையை வெட்டி வந்து நாற்றின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒரு தாயிலிருந்து பல ஒட்டு. இதே மாநிலத்தில் டெலவேர் என்ற ஊரில் இருக்கும் வனத்துறை ஆய்வுக்கூடத்தில் ஜெனிஃபர் கோச் என்பவரின் குழு இதைப் பல வருடமாகச் செய்கிறது. ஒட்டு வளர்ந்ததும் வண்டு தானாக வரும் என்று காத்திருப்பதில்லை. காப்பி வடிகட்டும் தாளில் வண்டை முட்டையிட வைத்து, அந்தத் தாளை முட்டையோடு வெட்டித் தண்டில் கட்டிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துப் பட்டையை உரித்து, ஒவ்வொரு புழுவும் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு வளர்ந்தது, மரமே கொன்றுவிட்டதா என்று எண்ணுவார்கள். ஐயா சொன்ன பிளேடு வேலைதான், ஆய்வகத்தில் செய்கிறார்கள்.

அதில் தெரிந்தது, தங்கிய மரங்களில் எதுவும் வண்டை முழுக்கத் தடுக்கவில்லை. சிலவற்றில் புழு நிறையச் சாகிறது, சிலவற்றில் புழு சோனியாகிறது. அந்த அரைகுறை நல்லவர்களை ஒன்றோடொன்று கலந்து விதை எடுத்தபோது, அதில் சில கன்றுகள் அப்பா அம்மாவைவிடவும் நன்றாகத் தாங்கின. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஓடைக்கரை மரத்தில் நாலைந்து முடிச்சு இருக்கிறது என்று சோர்ந்துவிடாதீர்கள்.

---

சுன்னாகத்தான் எழுதியது:

எங்கட யாழ்ப்பாணத்தில இதை முள்முருக்கு எண்டுதான் சொல்லுவம். கலியாண வீட்டில கன்னிக்கால் ஊன்ற இதுதான் வேணும். ஒரு விசயம் கேக்கவேணும். எங்கட ஒழுங்கையில வேலி முழுக்க முருக்கங் கதியால் (நீங்கள் சொல்லுற போத்துத்தான்), அவ்வளவும் அப்புவின்ர வளவில நிண்ட ஒரே மரத்தில வெட்டினது. பக்கத்து வளவுக்காரரும் அதிலதான் கேட்டு வாங்கினவை. அப்ப ஊர் முழுக்க நிக்கிறது ஒரே மரம்தானே? ஒண்டுக்கு நோய் வந்தால் எல்லாத்துக்கும் வருமோ?

---

பழைய நாற்றங்கால் எழுதியது:

ஐயா, நாலு வரியில் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். வரும். நான் பயப்படுவதும் அதற்குத்தான். ஓடைக்கரை மரம் தேறிவிட்டது என்றால் தாண்டிக்குடி முழுக்க அதன் போத்தே போகும், எல்லோரும் கேட்பார்கள். பத்து வருடத்தில் மலை முழுக்க ஒரே மரம். அடுத்து வேறு பூச்சியோ, இதே குளவி கொஞ்சம் மாறியோ வந்தால் மொத்தமும் ஒரே நாளில் போகும். ஒரே தோட்டத்தில் தேடி நிறுத்தாமல், பக்கத்துத் தோட்டங்களிலும் தேட வேண்டும். நாலைந்து தாய் மரமாவது கையில் இருக்க வேண்டும்.

மேப்பிள் தெரு அம்மா (ஐயாவோ?) சொன்ன விதை விஷயத்துக்கும் இதுதான் காரணம். முள்ளுமுருங்கைப் பூவுக்குத் தேன் குடிக்க வருவது மைனாவும் காக்கையும் தேன்சிட்டும். மகரந்தம் எங்கெங்கோ போய் வரும். விதைக்கன்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பாதிக்கு மேல் உதவாமலும் போகலாம், ஆனால் புதிய கூட்டு அங்கேதான் பிறக்கும். விதையின் தோல் கெட்டி. கல்லில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் முளைக்கும். விதை விஷம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். விதைக்கன்றுக்கு ஆணிவேர் இறங்கும் என்பதால் காற்றுக்கும் நிற்கும். போத்து மரம் மலைக்காற்றில் சாய்வதை மிளகுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹவாய்க்காரர்களுக்கு இந்தப் போத்துச் சலுகையும் பெரிதாக இல்லை. அங்கே வில்லிவில்லி என்று முள்ளுமுருங்கைக்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள், அந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கட்டை அவ்வளவு லேசு என்பதால் அந்தக் காலத்தில் படகின் பக்க மிதவைக்கும் அலைச்சறுக்குப் பலகைக்கும் அதைத்தான் செதுக்கினார்கள். 2005-இல் குளவி வந்ததும் காட்டு மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாயத் தொடங்கின. உடனே விதையைப் பொறுக்கிச் சேமித்தார்கள். இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவுக்கே போய்த் தேடி, தான்சானியாவில் இந்தக் குளவியின் புழுவைத் தின்னும் இன்னொரு சிறு குளவியைப் பிடித்து வந்து, பல சோதனைக்குப் பிறகு 2008 நவம்பரில் விட்டார்கள். அது முடிச்சுக்குள் புகுந்து ஒரு புழுவோடு நிற்காமல் பக்கத்து அறைப் புழுவையும் சேர்த்துத் தின்னும். இலைச் சேதம் நன்றாகக் குறைந்தது. பூவிலும் காயிலும் சேதம் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதால் விதைக்குக் கஷ்டம் தொடர்ந்தது. இதையெல்லாம் அரசாங்கம்தான் செய்ய முடியும், நாம் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிற காரியம் இல்லை. நம் கையில் இருப்பது அரிவாளும் பொறுமையும்.

மலைக்காற்று தம்பிக்கு: சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். அவனுக்கும் ஒரு நாள் ஊரிலிருந்து விருந்தாளி வரலாம்.

---

மிளகுப்பாடி எழுதியது (அடுத்த வருடம், ஆடி):

பதினாறு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே செய்தேன். ஏறக்குறைய.

24 போத்து ஊன்றியதில் 19 பிழைத்தது. போனதில் மூன்று தொட்டி மரத்தினுடையது. இரண்டு ஓடைக்கரை மரத்தினுடையது, அந்த இரண்டையும் காட்டுமாடு மிதித்துவிட்டது. ஐயா, குளவிக்கு வழி சொன்னீர்கள், காட்டுமாட்டுக்குச் சொல்லவில்லை. துணி கட்டியதிலும் ஒரு கோளாறு. சிவப்பும் மஞ்சளும் ஒரே மழைக்காலத்தில் வெளுத்து ஒரே நிறமாகிவிட்டன. நல்லவேளை, காகிதத்தில் வரைபடம் போட்டு வைத்திருந்தேன். இப்போது அலுமினியத் தகட்டில் ஆணியால் எண் குத்திக் கட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் கோடை மழை விழுந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கவாத்து பண்ணினேன். துளிர் வந்து 26-ஆம் நாள் நானும் தங்கையும் உட்கார்ந்து எண்ணினோம். அவள் எண்ண, நான் எழுத.

கெட்ட மரத்துப் போத்து பன்னிரண்டிலும் முடிச்சு. காம்பு, கொழுந்து, இலை எல்லாம். துளைகளை எண்ணிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் 'நிறைய' என்று எழுதிவிட்டோம்.

தொட்டி மரத்துப் போத்து மூன்றும் அதே கதி. ஐயா கேட்ட கேள்வி சரிதான். இந்த மாசியில் கவனித்தேன், மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும்போது அது கசிவுத் தண்ணீரைக் குடித்துவிட்டு முன்னாடியே துளிர்த்து முற்றிவிடுகிறது. தப்பித்த மரம்.

ஓடைக்கரைப் போத்து நாலுதான் மிச்சம். நாலிலும் முடிச்சு இருக்கிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனால் இலையோரத்தில் மட்டும் சின்னச் சின்னதாக, கடுகுக்கும் மிளகுக்கும் நடுவில். காம்பு தடிக்கவில்லை, இலை விரிந்தே இருக்கிறது. நாலு போத்திலும் சேர்த்து 61 முடிச்சு எண்ணினோம், துளை இருந்தது 9-இல். மிச்சத்தைச் சவர பிளேடால் கீறிப் பார்த்தோம். பலவற்றில் அறைக்குள் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் பழுப்பாக ஒரு துணுக்கு, ஊசி முனையால் தொட்டால் பொடிகிறது. அது புழுவா, வெறும் அழுக்கா என்று எனக்கும் தங்கைக்கும் இன்னும் சண்டை. படம் இணைத்திருக்கிறேன், ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஓடைக்கரை மரத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டியிருக்கிறார்.

---

பழைய நாற்றங்கால் எழுதியது:

தம்பி, படத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்தேன். தங்கை பக்கம்தான் நான் இருக்கிறேன், அவர் புழு என்று சொல்லியிருந்தால். இரண்டாவது படத்தில் தலைப் பக்கம் கருத்திருப்பது தெரிகிறது.

நாலு போத்து என்பது குறைச்சல். வருகிற மாசியில் அதே மரத்தில் இன்னும் பன்னிரண்டு எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தாயை மொட்டையடித்துவிடாதீர்கள். அதில் பாதியைத் தோட்டத்தின் வேறு பக்கம், வெயில் காயும் இடத்தில் ஊன்றுங்கள். ஓடைக்கரை நிழலில் தாங்கியது வெயிலில் தாங்குமா என்று பார்க்க வேண்டும். யார் கேட்டாலும் இப்போது கொடுக்காதீர்கள். 'எதிர்ப்பு ரகம்' என்று பெயரும் வைக்காதீர்கள், அந்தத் திண்ணைக் கிளை எனக்கு மட்டும் போதும்.

அப்புறம், மாசி பங்குனியில் அந்த மரம் பூத்தால் நெற்று பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் முற்றியதும் எனக்கு இருபது விதை அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.

---

மிளகுப்பாடி எழுதியது:

அனுப்புகிறேன் ஐயா. தங்கை விதைக்கென்று இப்போதே ஒரு டப்பா எடுத்து வைத்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவும் தன் எல்லையில் ஒரு மரம் இப்படி நிற்பதாகச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு போகிறேன். அங்கே ஆடு இல்லை, கேட்டுவிட்டேன்.